டீச்சர் சம்பளம் யார் வீட்டுக் கணக்கு?

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மூன்று வாக்குவாதங்கள் கட்டாயம் நடக்கும். பிள்ளையைக் கவர்மெண்ட் பள்ளியில் சேர்ப்பதா, மெட்ரிக்கில் சேர்ப்பதா என்பது ஒன்று. வாத்தியாருக்கு எதுக்கு இத்தனை சம்பளம் என்பது இன்னொன்று. கூட்டுக்குடும்பமாக இருந்த காலத்தில் பிள்ளைகள் தானாக வளர்ந்தன, இப்போது ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள் என்பது மூன்றாவது. ஈரோடு, கோபி, பவானி என்று எங்கள் ஆட்கள் இருக்கிற எல்லா ஊரிலும் இதே மூன்றுதான்.

எனக்கு இந்த மூன்றும் ஒரே பேச்சாகத்தான் கேட்கிறது. பாடம் சொல்லித்தருகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, அவர் வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பள்ளி நம் வீட்டிடம் எதையெல்லாம் கேட்கிறது என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. பந்தியில் யாரும் யாரையும் முழுதாகப் பேச விடுவதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறாள். எம்.எஸ்ஸி., பி.எட். கையில் வருவது 13,000 ரூபாய். காலை ஏழு மணிக்கே பள்ளி வேனில் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வேனில் வரும் பிள்ளைகளுக்கு அவள்தான் பொறுப்பு. எட்டு பீரியடில் ஏழு வகுப்பு. நோட்டுத் திருத்துவதெல்லாம் வீட்டில், ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு. கோடை விடுமுறையில் இரண்டு டீச்சர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய் அட்மிஷன் கேட்க வேண்டும். இத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஆளுக்கு ஓர் எண்ணிக்கையும் உண்டு. சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நடுவருஷத்தில் நின்றால் திரும்பக் கிடைக்காது.

சம்பளம் கூட்டித் தரச்சொல்லி ஒருமுறை கேட்டிருக்கிறாள். "வீட்ல சும்மா இருக்கறதுக்கு இது பரவால்லைங்களே டீச்சர். சாரும் சம்பாதிக்கறாருல்லங்க?" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இதே வார்த்தையை ஓர் ஆண் பொறியாளரிடம் யாராவது சொல்வார்களா? "உங்க சம்சாரம் பேங்க்ல இருக்காங்களே, உங்களுக்கு எதுக்குச் சம்பள உயர்வு" என்று கேட்பார்களா? தனியார் பள்ளிகளில், அதிலும் சின்ன வகுப்புகளில், பெரும்பாலும் பெண்கள்தான் டீச்சர்கள். அவர்களுடைய சம்பளத்தை மேல்செலவுக் காசாகவே நினைத்துவிட்டார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற வேறொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அந்த 13,000 நிற்கிறது. அந்த வேறொருவர் இறந்துபோனாலோ, விட்டுவிட்டுப் போனாலோ, குடித்து அழித்தாலோ, அப்போதும் அதே 13,000தான்.

அக்கா ஏன் வேலையை விடவில்லை என்று கேட்பீர்கள். மகனும் அங்கேயேதான் படிக்கிறான், ஃபீஸில் பாதி கழிகிறது. ஒரே வேனில் போய் ஒரே வேனில் வந்துவிடலாம். அவனுக்கு லீவு என்றால் இவளுக்கும் லீவு. எல்லாவற்றுக்கும் மேல், பள்ளிக்கூட வேலை என்றால் மாமியார் ஒத்துக்கொள்கிறார். எங்கள் பக்கம் பெண் பார்க்கும்போது "பொண்ணு டீச்சர்" என்றால் ஒரு தனி மதிப்பு. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிடுவாள் என்ற நிம்மதிக்குத்தான் அந்த மதிப்பு. ஆக, வீட்டில் விட்டுக்கொடுத்தும் பேரம் பேசியும்தான் அந்தப் பெண்கள் அந்த வேலைக்கு வந்து சேருகிறார்கள். நிர்வாகத்துக்கு அது நன்றாகத் தெரியும். இவள் போனால் இதே நிலைமையில் இன்னொருத்தி பி.எட். சான்றிதழோடு வாசலில் நிற்பாள்.

சட்டமும் இவர்கள் பக்கம் பாதிதான் நிற்கிறது. 1988ல் சுந்தரம்பாள் என்ற ஆசிரியை தொடுத்த வழக்கில், அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கற்பிப்பது உயர்ந்த பணி, அதைக் கூலி வேலையோடு சேர்க்க முடியாது என்ற பார்வை அதில் இருக்கிறது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் தறிப்பட்டறையில் ஒருவரை அநியாயமாக வெளியே அனுப்பினால் அவர் தொழில் தகராறு என்று வழக்குப் போடலாம், டீச்சர் போட முடியாது. பணிக்கொடைக்கும் இதே இழுபறி. 2009ல் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் சேர்த்த பிறகு, அதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருஷம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் பணிக்கொடை கேட்கலாம். அக்காவோடு வேலை பார்க்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. இதை வாசிக்கும் டீச்சர்கள் தயவுசெய்து கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

இனி அரசுப் பள்ளி. எங்கள் பெரியப்பா தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைக் கண்டாலே என் மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இந்தப் பேச்சு வந்துவிடும். "ஏனுங்க பெரியப்பா, நான் சாயப்பட்டறையில பன்னெண்டு மணி நேரம் நிக்கறன். நூறு நாள் லீவு போட்டுட்டு லட்ச ரூவா வாங்கறாங்க உங்க ஆளுக. அவிய பிள்ளைகளே பிரைவேட்லதானுங்க படிக்குது?"

மாமாவின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மகனுக்கு அவர் கட்டும் பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் அவருடைய உடம்பிலிருந்து வருகிற காசு. ஆனால் அந்தக் கோபம் தப்பான வாசலில் போய் நிற்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு இடைநிலை ஆசிரியர் ஒருவர் வேலையில் சேரும்போது அடிப்படை ஊதியம் 20,600. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. லட்சத்தைத் தொடுகிறவர்கள் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். படித்த ஒருவர் ஒரு குடும்பத்தை நடத்தவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், வயசான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டிய சம்பளம் அது. அதைக் கண்டு நமக்குக் கோபம் வருவதற்குக் காரணம், அதே வேலைக்கு 13,000 கொடுப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டதுதான்.

அரசுக்குள்ளேயே எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்றும் நினைக்க வேண்டாம். 2009 மே 31க்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் போயிற்று. பின்னால் ஏழாவது ஊதியக் குழுவில் பழைய ஊதியத்தை 2.57 ஆல் பெருக்கினார்கள். அந்த 3,170ம் கூடவே பெருகி 8,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னை கல்லூரிச் சாலையில் இருக்கும் கல்வித் துறை வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 பிறந்ததும் ஒரு குழு அமைத்தார்கள். கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்த டீச்சர்களின் படங்களைப் பார்த்தபோது எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. அவளைவிட நல்ல நிலையில் இருக்கிறவர்களே தெருவுக்கு வர வேண்டியிருந்தால், தெருவுக்கு வரக்கூட வழியில்லாத இவளுடைய கதி என்ன?

அடுத்து பகுதிநேர ஆசிரியர்கள். 2012ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகும் அது 12,500க்குத்தான் வந்திருந்தது. 2022ல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்தது மாதம் 7,500 ரூபாய். எதிர்ப்பு வந்தபின் 12,000 ஆக்கினார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம். அந்தத் திட்டத்தால் எங்கள் தெருப் பிள்ளைகளே பலன் பெற்றார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பாருங்கள், அரசும் ஆள் தேடிப் போனது அதே வீடுகளுக்குத்தான். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களின் வீடுகளுக்கு.

பெரியப்பா வேலை பார்த்தது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. எண்ணிக்கைக்குச் சரி. ஆனால் ஒரே அறையில் ஒரு மூலைக்கு 'அ' எழுத வைத்துக்கொண்டு மறு மூலைக்குப் பின்னம் நடத்துவதை அந்த எண்ணிக்கை சொல்லாது. நடுவில் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்ற வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து சீருடையும் செருப்பும் எடுத்துவர வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலைக்கு அலைய வேண்டும். அதே சட்டத்தின் 27வது பிரிவு கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றே போதாதா?

அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஊரிலும் இந்தக் கோரிக்கைக்குக் கைதட்டல் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சேர்த்தால் ரொம்பச் சந்தோஷம், சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். சம்பளத்தோடு சேர்த்துக் குடும்பத்தின் முடிவையும் வாங்கிக்கொள்வது சரியில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பெரியவர்கள் கூட்டுக்குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது அந்த வீட்டில் யார் படித்தார்கள் என்பதைச் சொல்வதே இல்லை. என் அம்மா எட்டாவதோடு நின்றவர். தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். கூட்டுக்குடும்பத்தில் பிள்ளைகள் தானாக வளரவில்லை. என் அம்மாவைப் போன்ற பத்து, பன்னிரண்டு வயசுப் பெண்கள் இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தார்கள். என் மாமன்மார் இரண்டு பேரும் கல்லூரி போனார்கள். அம்மா இன்றும் பஸ் போர்டை வேகமாக வாசிப்பார், கணக்கில் என்னைவிடக் கெட்டி. அந்த வீட்டைப் பற்றி யாராவது ஏக்கத்தோடு பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெண்பிள்ளைகளின் படிப்பை இப்படி நிறுத்துவதை அரசு அறிந்தே இருந்தது. 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தபோது, எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். கல்யாணத்தைக் காட்டித்தான் ஒரு பெண்ணை எட்டாவது வரை பள்ளியில் உட்காரவைக்க முடிந்த காலம் அது. 2022ல் அந்தத் திட்டத்தைப் புதுமைப்பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவள் பெயரிலேயே போடுகிறார்கள். கல்யாணப் பேச்சே அதில் இல்லை. ஒரு குடும்பத்துக்குள் பெண்ணின் இடம் மாறியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

படிப்பில் வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் இந்த மண்ணில் பழசு. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலை வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று அதை எதிர்த்து ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. 1954ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது போயிற்று. பிள்ளையின் படிப்பை அது பிறந்த வீட்டின் நிலைமைக்கு விட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் உயிர். இன்றைக்குத் தனியார் பள்ளிகள் டைரியில் எழுதி அனுப்புவது என்ன? ப்ராஜெக்ட், சார்ட், மாடல், கையெழுத்து நோட்டு. எல்லாம் வீட்டில் செய்ய வேண்டியவை. எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்குத் தெர்மாகோல் எங்கே கிடைக்கும் என்று அம்மாக்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பாக்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. இங்கிலீஷ் தெரிந்த அம்மா வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு மார்க். இல்லாவிட்டால் டியூஷன். அந்த டியூஷன் எடுப்பதும் அக்காவைப் போல சம்பளம் போதாத இன்னொரு டீச்சர்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆனாலும் "ரெண்டு பேரும் டிகிரிங்களா? வீட்ல யாருங்க சொல்லித் தருவீங்க?" என்ற கேள்வியைக் கேட்காமல் சேர்த்த பள்ளி எங்கள் சொந்தத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை. பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிற பெயரில் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் வைக்கிறார்கள்.

திருப்பூரில் அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போக, ஊரில் அம்மாயியிடம் வளர்கிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. அப்பா இல்லாமல் அம்மா மட்டும் வளர்க்கிற பிள்ளைகளும் உண்டு. "பேரன்ட்ஸ் ரெண்டு பேரும் வரணும்" என்கிற பள்ளி அந்தப் பிள்ளைகளை எங்கே நிற்க வைக்கும்? 2022ல் மேலாண்மைக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது பெற்றோருக்கும், அதில் பெண்களுக்கும் பெரும் இடம் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் கூட்டத்துக்கு வரும் அம்மாவுக்கு அன்றைய ஷிப்ட் காசு போகிறது.

இந்த விஷயத்தில் நான் மனசாரக் கையெடுத்துக் கும்பிடுகிற ஒன்று காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு கொடுத்த அரசு, காலையில் அந்த வீட்டில் அடுப்பெரிக்க ஆளில்லை என்பதையும் இத்தனை காலம் கழித்து ஏற்றுக்கொண்டது. "பொம்பளைக சமைக்காம சோம்பேறி ஆயிருவாளுக" என்று எங்கள் பந்தியிலும் ஒரு பெரியவர் சொன்னார். ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்களை அவர் தினமும் அதே ரோட்டில் பார்க்கிறவர். உப்புமாவும் பொங்கலும் கொடுக்கிற பள்ளி, எந்த மாதிரிக் குடும்பத்திலிருந்து வருகிறாய் என்று பிள்ளையிடம் கேட்பதில்லை. பள்ளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுப்பாடத்தையும் அதேபோலப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவர முடியும், அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

இதில் பெற்றோராக நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2009ல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நீதிபதி கோவிந்தராஜன் தலைமையில் முதல் குழு அமைந்தது. ஒவ்வொரு தனியார் பள்ளியும் தன் செலவுக் கணக்கைக் காட்டித்தான் இந்தக் கட்டணம் வேண்டும் என்று கேட்கிறது. அந்தக் கணக்கில் ஆசிரியர் சம்பளமும் உண்டு. அக்காவுக்குத் தெரிந்த சிலருக்கு பேங்கில் ஒரு தொகை ஏறுகிறது, அதில் ஒரு பங்கைப் பணமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். குழு நிர்ணயித்த கட்டணம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று கேட்கப் பெற்றோர் பழகிவிட்டோம். அதற்குப் பக்கத்திலேயே, டீச்சர்களுக்குச் சம்பளமாக எவ்வளவு காட்டியிருக்கிறார்கள் என்பதையும் ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். கட்டுகிற காசில் எவ்வளவு தன் மனைவியின் கைக்கு வருகிறது என்று அவரே ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தான் எழுந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். வேறொரு பள்ளியில் படிக்கிற என் மகளுக்காக, அங்கே நான் கேட்கப்போகிறேன்.